வரிசை தப்பாத இருபத்து மூன்று பலகைகள்

அக்கா வந்துவிட்டாள்!

இதற்கு எதற்கு ஆச்சரியக்குறி என்று கேட்பீர்கள். தம்பி வீட்டுக்கு அக்கா வருவது ஊரில் உலகத்தில் நடக்காத காரியமா? நடக்கிறதுதான். ஆனால் என் செண்பகம் அக்கா என்னோடு பேசி ஏழு வருஷம் ஆகிறது. பேச்சு இல்லை என்றால் கொஞ்சநஞ்சம்கூட இல்லை. உறவுக்காரர் கல்யாணங்களில் நேருக்கு நேர் வந்துவிட்டால், பக்கத்தில் நிற்கிற யாரையாவது பிடித்து, "அவனைப் பந்தியில உட்காரச் சொல்லுங்க" என்பாள். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொல்லுங்க" என்பேன். நடுவில் மாட்டிக்கொண்டவர் ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

தப்பு யாருடையது? என்னுடையதுதான். வாரா வாரம் ஊரார் தப்பையெல்லாம் பத்திரிகையில் இந்த இடத்தில் பிடிபிடி என்று பிடிக்கிறேனே, என் தப்பை எழுத ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

சாத்தூர்க் கடைத்தெருவில் எங்கள் அப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கடைக்குப் பின்கட்டுத்தான் வீடு. அப்பா காலமான பிறகு கொஞ்ச நாள் நான் நடத்தினேன். நடத்தினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது... மிளகாய் வற்றலுக்கும் எனக்கும் என்றைக்குமே ஒத்துக்கொண்டதில்லை. அப்போதுதான் நெய்வேலியில் ஸ்டோர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்தது. கடையையும் வீட்டையும் விற்றுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

விற்றது தப்பில்லை. கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றேன் பாருங்கள், அதுதான் தப்பு. சொன்னால் தடுப்பாளோ என்று பயம். விற்ற பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். விற்ற பிறகு எழுத அதைவிடப் பயம்.

விஷயம் தெரியாமல் அக்கா ஒருநாள் பத்து வயசுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்கு வந்திருக்கிறாள். கடை சாத்தியிருந்தது. நட்ட நடுப்பகலில், வியாபார நேரத்தில், ஒரு பலகை பாக்கியில்லாமல் போட்டுச் சாத்தியிருந்தது. வாங்கினவர் இன்னும் திறக்கவில்லை. தம்பிக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய்ப் படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் எதிர்க்கடைக்காரர் பார்த்துவிட்டு வந்து, "தம்பி வித்துட்டுப் போயிட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாராம். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, தெரியும் என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு நின்ற பேச்சு.

போன மாதம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. விலாசம் என் மனைவி மரகதத்துக்கு. அக்கா எழுதியிருந்தாள். மகன் முருகேசனுக்கு இங்கே வொர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாக இடம் கிடைத்திருக்கிறது, கொண்டுவந்து விடுகிறேன், ஹாஸ்டல் கிடைக்கிறவரை உன் வீட்டில் இருக்கட்டும் என்று. உன் வீட்டில்! கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பெயர் எங்கேயும் இல்லை. கடைசியில் ஓர் ஓரத்தில், 'எல்லோரும் சௌக்கியம்தானே' என்று இருந்தது. அந்த 'எல்லோரும்' என்பதில் நானும் சேர்த்தியா என்று மரகதத்திடம் கேட்டேன். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. மூன்று வாரத்தில் அக்கா வருகிறாள். வந்தால் இந்த ஒரு வாய்ப்புத்தான். இதிலும் பேச்சு வரவில்லையென்றால் இனி எங்கே வரப்போகிறது? போய்க் காலில் விழுந்து, தப்புத்தான் அக்கா என்று சொல்லிவிடலாம். சொல்லலாம்... ஆனால் பேனா பிடிக்கிற ஆசாமிகளிடம் ஒரு கோளாறு உண்டு. பத்துப் பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவோம். நேரே நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

இந்த நேரத்தில்தான் அந்தப் படம் என் கையில் அகப்பட்டது.

நெய்வேலியில் இல்லாத வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே சுரங்கத்துக்கும் பவர் ஹவுஸுக்கும் வேண்டிய மிஷின்கள் எல்லாம் கடல் தாண்டி வருகின்றன. முழுசாக வருவதில்லை. பாகம் பாகமாக, மரப் பெட்டிகளில் வருகின்றன. பெட்டி என்றால் பெட்டியா! ஒரு பெட்டிக்குள் ஒரு குடும்பம் குடித்தனம் பண்ணலாம். மிஷின் வெளியே போனதும் பெட்டி கழிவாகிவிடும். அந்தப் பலகையை எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போக, ஸ்டோர்ஸ் வாசலில் மாதா மாதம் கூட்டம் நிற்கும். எங்கள் பிளாக்கில் யார் வீட்டுக்குப் போனாலும் பெஞ்சு, அலமாரி, அரிசிப் பெட்டி எல்லாம் அந்தப் பலகைதான். எதிர்வீட்டுக் குழந்தையின் தொட்டிலில் உடைந்த கண்ணாடி டம்ளர் படமும், 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறியும் இருக்கிறது. அம்பு தரையைப் பார்க்கிறது. குழந்தை சௌக்கியமாகத்தான் தூங்குகிறது.

அப்படி ஒரு பெட்டியைப் பிரித்தபோது, மிஷின் பாகத்தைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாள் ஒன்று என் கையில் வந்தது. ஏதோ பாஷை, ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் ஒரு படம். சுவர் முழுக்கப் பழைய மரத் துண்டுகள். நெட்டையும் குட்டையும், சிலது முன்னால் துருத்திக்கொண்டு, சிலது உள்ளே ஒடுங்கிக்கொண்டு. மாடு இல்லை, மயில் இல்லை, மனுஷன் இல்லை. ஒன்றுமே இல்லை! ஆனால் பார்த்த உடனே எனக்கு நெஞ்சுக்குள் திக்கென்றது.

ஏன் தெரியுமா?

அப்பா மத்தியானம் சாப்பிடப் பின்கட்டுக்குப் போகும்போது கடையைச் சாத்துவார். காவலுக்கு நானும் அக்காவும் உள்ளே. பலகைகளின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாக உள்ளே விழும். தரையில், மூட்டையில், தராசில் எல்லாம் மஞ்சள் கோடு. ஆளுக்கு ஒரு கோட்டைப் பிடித்துக்கொள்வோம். வெயில் நகர நகரக் கோடும் நகரும். யார் கோடு முதலில் வெல்ல மூட்டையைத் தொடுகிறதோ, அவர்களுக்கு ஒரு கட்டி வெல்லம். எப்போதும் அக்காதான் ஜெயிப்பாள். பெரியவனான பிறகுதான் யோசித்தேன்... அவள் அந்த மூட்டை மேல் உட்கார்ந்து உட்கார்ந்து அதைத் தன் பக்கம் நகர்த்தியிருக்கிறாள்!

ஆஹா, இதைச் செய்துவிட்டால் என்ன? பலகையும் இடுக்கும் வெளிச்சமுமாக, அந்த மத்தியானத்தை அப்படியே சுவரில் மாட்டிவிட்டால்? அக்கா உள்ளே வருவாள். பார்ப்பாள். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். அதுவே பேசிவிடாதா?

அன்றைக்கே எழுதிக் கொடுத்துப் பலகை வாங்கி வந்துவிட்டேன். மரகதம் சமையலறைக்கு அலமாரி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். சுவரில் மாட்டி அழகு பார்க்கப் போகிறேன் என்றதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. என் கைவேலை எப்படிப்பட்டது என்று இந்தப் பகுதியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் செய்த ஸ்டூலில் உட்கார்ந்து விழுந்த மைத்துனர் இன்னமும் விந்தி விந்தித்தான் நடக்கிறார். ஆனால் இந்தத் தடவை எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. டூட்டி முடிந்து வந்ததும் பின் வராந்தாவில் இழைப்புளியும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன்.

மேலேயும் கீழேயும் பள்ளம் வெட்டிய இரண்டு சட்டம். நடுவில் ஐந்தடி உயரத்தில் பலகைகள், நெட்டுக்கு நிற்கிற மாதிரி. பலகைகளுக்குப் பின்னால், டீப்பெட்டிப் பலகையில் நல்ல மஞ்சள் பெயின்ட். சில பலகை வெள்ளை வெளேர், சில எண்ணெய் குடித்துக் கறுத்தது, ஒன்றில் பாதி அம்பு, ஒன்றில் 'நனையக் கூடாது' என்கிற குடைப் படம் பாதி. இதைப் பக்கத்தில் வைத்தால் நன்றாயிருக்கிறது, அதை ஒரு அங்குலம் தள்ளினால் ஐயோ, எவ்வளவு நன்றாயிருக்கிறது! இடுக்கு விடுவதற்கும், சில பலகையை முன்னே தள்ளி நிறுத்துவதற்கும் தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கட்டைகள் செதுக்கிச் சொருகினேன். எங்கெங்கே இடுக்கு வந்ததோ, அங்கெல்லாம் மஞ்சள் பளீரென்று எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்த அன்றைக்கு நான் கை தட்டினேன். மரகதம் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து, விரலை வெட்டிக்கொண்டீர்களா என்று கேட்டாள்.

இதைப் பார்த்து பிளாக்கில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கோழிக் கூண்டா என்றார் ஒருவர். மெயின் ஸ்விட்சை மறைக்கவா என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டம்மா மட்டும் நாசூக்காக, முடிந்ததும் என்னவாக வரும் என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்டோர்ஸ்காரன் புத்தி! எந்தச் சாமானும் எங்கள் கைக்கு வந்தால், முதல் வேலை அதற்கு ஒரு நம்பர் போடுவதுதான். நம்பர் இல்லாத சாமானைக் கண்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. பலகை வாங்கி வந்த அன்றைக்கே, கைக்கு வந்த வரிசையில், பின்பக்கம் கறுப்புப் பெயின்டால் ஒன்று முதல் இருபத்து மூன்று வரை நம்பர் போட்டுவிட்டேன். அந்த நம்பருக்கும் நான் அடுக்கின அழகுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏழுக்குப் பக்கத்தில் பத்தொன்பது, அதற்குப் பக்கத்தில் இரண்டு என்று கண்ணுக்குப் பட்டபடி அடுக்கியிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. மறுநாள் காலை ரயிலில் அக்கா. ஹாலில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. தூக்கிப் பார்த்தால்... ஏழடி அகலம், வராந்தாக் கதவை ஒட்டிய குறுகலான நடையில் திரும்பவில்லை! அளவு பார்க்காமல் செய்திருக்கிறேன். வேறு வழியில்லை. ஒரு தாளில் எந்தப் பலகை எங்கே, எந்த இடுக்கு எவ்வளவு என்று படம் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கழற்றி அடுக்கி வைத்தேன். காலையில் நான் விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் போக வேண்டும். யார் மாட்டுவது?

மேல் பிளாக் பழனிச்சாமி கைகொடுத்தார். எரெக்‌ஷன் சார்ஜ்மேன். மூன்று மாடி உயர மிஷினைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, தரையிலிருந்து நிறுத்திக் காட்டிய மனுஷர். கோயமுத்தூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆஃப். உங்களுக்குச் சிரமமாயிருக்குமே என்று நான் இழுத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத்தாம்பெரிய மிஷினையே நிறுத்திப் போட்டமுங்க. இது என்னங்க, பலகை! நீங்க அக்காவைக் கூட்டிட்டு வாங்க. வர்றதுக்குள்ள மாட்டி வெச்சர்றமுங்க."

குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எனக்கு முன்னால் குடியிருந்தவர் அலமாரிக்காகப் பதித்த நாலு மரக்கட்டைகள் சுவரிலேயே இருந்தன. அதில் சட்டத்தை முடுக்கிவிடலாம் என்று காட்டிவிட்டு, நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

விருத்தாசலத்தில் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. முருகேசன் முதலில் குதித்தான். என்னைவிட அரையடி உயரம்! அப்புறம் அக்கா. முன்நெற்றியில் நரை. முகம் அப்பா முகம். "வா அக்கா" என்றேன். அக்கா முருகேசனைப் பார்த்துத் திரும்பினாள்.

"முருகேசா, மாமாகிட்ட அந்தத் தகரப் பெட்டியைக் கொடு. மெதுவாத் தூக்கச் சொல்லு."

நான் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் நின்றேன். முருகேசன் பாவம், நான் கேட்டதை எனக்கே ஒரு தடவை திருப்பிச் சொன்னான்.

பஸ்ஸில் அக்கா பெண்கள் பக்கம். நான் பின்னால். இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தானே, வீட்டுக்குப் போனதும் பார்க்கத்தானே போகிறாள் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். வேர்வையைத் துடைக்கச் சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினேன். கையோடு ஒரு தாள் வந்தது.

படம்!

எந்தப் பலகை எங்கே, எந்த இடுக்கு எவ்வளவு என்று நான் போட்ட படம். அதைப் பழனிச்சாமியிடம் கொடுக்கவே இல்லை. பையில் போட்டுக்கொண்டு விருத்தாசலம் வரை ஊர்வலம் விட்டிருக்கிறேன். இறங்கி ஓடலாமா என்று பார்த்தேன். பஸ்ஸைவிடவா நான் வேகமாக ஓடப் போகிறேன்? படம் இல்லையென்றால் மாட்டாமல் காத்திருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எரெக்‌ஷன்காரர்களாவது காத்திருப்பதாவது!

வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே பழனிச்சாமியும் அவர் ஆட்கள் மூன்று பேரும் ஹாலில் வரிசையாக நின்றார்கள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. சுவரைப் பார்த்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... இருபத்து மூன்று. பலகையின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது, நம்பர் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்! தூக்குக்குண்டு போட்டு, மட்டம் வைத்துப் பார்த்து, ஒன்றோடொன்று இறுக்கி அடித்து, முன்னால் துருத்தினதையெல்லாம் உள்ளே தள்ளிச் சமம் பண்ணி, சட்டத்தில் மிஞ்சிய இடத்தை நடுவில் புதுப் பலகை போட்டு மூடி... ஒரு இடுக்கு இல்லை. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டியில் வருகிற பாகம் எதற்கு என்று அவர்கள் கேட்பதே கிடையாது. கேட்டால் சொல்லவும் ஆளில்லை. நம்பரைப் பார், அடுத்த நம்பரை அதன் பக்கத்தில் மாட்டு, ஆடாமல் முடுக்கு. இத்தனை வருஷம் அப்படித்தான் நெய்வேலியையே நிறுத்தியிருக்கிறார்கள்.

"இருபத்து மூணு பீஸுங்க. வரிசை தப்பலீங்க" என்றார் பழனிச்சாமி. "எங்கயும் ஒரு நூல் சந்து இருக்காதுங்க."

இடுக்குக் கட்டைகள் எங்கே என்று கேட்டேன். பக்கத்து வடக்குத்துக் கிராமத்து ஏழுமலை, ஆட்களில் ஒருவர், சிரித்த முகமாக முன்னால் வந்தார்.

"துண்டு துண்டா கட்டைங்க கொஞ்சம் கெடந்துகினு இருந்திச்சி சார். ஒண்ணுத்துலயும் நம்பர் இல்ல. அம்மாகிட்ட வெந்நி அடுப்புக்குக் குடுத்துட்டேன்."

உள்ளேயிருந்து மரகதம், மதினி குளிக்க வெந்நீர் தயார் என்று குரல் கொடுத்தாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சுவரில் ஏழடி அகலத்துக்கு ஒரு கடை. ஒரு பலகை பாக்கியில்லாமல் போட்டுச் சாத்திய கடை.

"கடை அடச்சிருக்கு" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. முருகேசன் வழியாகக்கூடச் சொல்லவில்லை.

ஐயா, அந்த நிமிஷம் என் பாடு இருக்கிறதே, என் எதிரிக்கும் வேண்டாம். இவள் மனசைக் குளிரப்பண்ண மூன்று வாரம் உளி பிடித்தேன். எந்த இடத்தில் இவள் மனசு உடைந்ததோ, அந்த இடத்தையே கொண்டுவந்து சுவரில் மாட்டி, வா அக்கா, பார் அக்கா என்று காட்டுகிறேன்! வேண்டுமென்றே செய்தேன் என்று நினைக்க மாட்டாளா? நானாயிருந்தால் நினைப்பேன். அக்கா முருகேசன் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டினாள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கப் போகிறாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

பாய்ந்தேன். முதல் பலகையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. எக்கி மேலே தூக்கினேன். அசையவில்லை. பழனிச்சாமி பதறிப்போய், ஏனுங்க, லூஸா இருக்குதுங்களா என்று ஓடி வந்தார். இல்லை, இது இப்படியில்லை, இங்கே இடுக்கு, அங்கே இடுக்கு, மஞ்சள், வெயில் என்று என்னென்னவோ உளறிக்கொண்டே அந்த முதல் பலகையைப் போட்டு உலுக்குகிறேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"முதப் பலகையில இருந்து யாராவது கடை தொறப்பாங்களாடா? கடைசிப் பலகையை எடு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். 'டா' என்ற ஓரெழுத்து... ஏழு வருஷம் கழித்து! மரகதம் அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நிற்கிறாள். முருகேசன் வாயைத் திறந்தபடி நிற்கிறான். அக்காவும் வாயில் கையை வைத்துக்கொண்டுவிட்டாள். அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது! ஒருத்தன் தப்பான பக்கத்திலிருந்து கடை திறப்பதைப் பார்த்துக்கொண்டு, பலசரக்குக் கடைக்காரர் மகளால் சும்மா நிற்க முடியுமா?

கடைசிப் பலகையைத் தூக்கினேன். சுலபமாக வந்தது. அது நின்ற இடத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

அக்கா அருகில் வந்தாள். என் கையிலிருந்த பலகையை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். பின்னால் கறுப்புப் பெயின்டில் இருபத்து மூன்று. அப்பா கடைப் பலகைகளுக்கும் பின்னால் இப்படித்தான் நம்பர் இருக்கும். அதைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஒரு வார்த்தை சொன்னியாடா?" என்றாள். "அந்தப் படியில உட்கார்ந்து, நீ செத்துட்டியோன்னு நெனைச்சேன். தெரியுமா உனக்கு?"

அதுவரைக்கும் எனக்கு அது தெரியாது. கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். கடை போன கோபம், சொல்லாத கோபம்... நான் செத்துப்போனேனோ என்று ஒரு பகல் முழுக்கப் பயந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முட்டாள்! பழனிச்சாமி நிற்கிறார், ஏழுமலை நிற்கிறார் என்றெல்லாம் பார்க்கவில்லை. அழுதேன். வாசகர்களே, உங்களிடம் என்ன மறைப்பது, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

"தப்புத்தான் அக்கா. சொன்னா நீ விடமாட்டேன்னு பயந்துட்டேன்."

"விட்டிருக்க மாட்டேன்தான்" என்றாள் அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதுக்காகச் சொல்லாம இருப்பியா?"

இவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பழனிச்சாமி தம் ஆட்களை அழைத்துக்கொண்டு நைசாக வாசல் பக்கம் நகர்ந்தார். விடுவேனா? மரகதத்தை எல்லோருக்கும் காப்பி போடச் சொல்லிவிட்டு, பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். இருபத்து இரண்டு, இருபத்து ஒன்று, இருபது... நான் எடுக்க எடுக்க அக்கா வாங்கிச் சுவரோரம் சாத்தினாள். முருகேசன் புது இடுக்குக் கட்டைகள் சீவிக் கொடுத்தான். மறுநாள் அப்ரண்டிஸாகச் சேரப் போகிறவன் அல்லவா, என்னைவிட ஆயிரம் மடங்கு கை நேர்த்தி.

படத்தை எடுத்து நீட்டினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இடுக்கு இந்த இடத்தில் இல்லை, அந்த இடத்தில் என்றாள். நான் இல்லை என்றேன். நீ அப்போது சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும் என்றாள். நீ மூட்டையை நகர்த்தினாயே, அது எனக்குத் தெரியும் என்றேன். எந்த மூட்டை, நான் எப்போது நகர்த்தினேன் என்று சத்தியம் பண்ணாத குறை! முகத்தில் மட்டும் ஒரு கள்ளச் சிரிப்பு. காப்பி ஆறிப்போய் இரண்டாம் தரம் சுட வைத்தார்கள். கடைசியில் நான் மூன்று வாரம் யோசித்து வைத்த இடத்தில் இரண்டு பலகைதான் தங்கியது. மீதி எல்லாம் அவள் இஷ்டம்.

உண்மையைச் சொல்லட்டுமா? நான் செய்ததைவிட அது நன்றாயிருக்கிறது. இடது பக்கம் நாலு பலகை நெருக்கமாக, அப்புறம் ஒரு கை அகலத்துக்குத் திறந்து, அப்புறம் கறுப்புப் பலகை ஒன்று தனியாக முன்னே வந்து... இப்போது ஹாலுக்குள் வந்தால் சாயங்காலம்கூட மத்தியானம் மாதிரி இருக்கிறது. பழனிச்சாமிக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. நாளுக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறார். இத்தனை சந்து விட்டால் பூச்சி அடையுமுங்க என்கிறார். அக்காவிடம் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டம்மா வந்து நின்று பார்த்தாள். முடிந்துவிட்டதா என்றாள். முடிந்துவிட்டது என்றேன், இந்தத் தடவை தைரியமாக. என்னது இது என்று கேட்டாள். நான் அந்தப் பத்திரிகைத் தாளையும் வெளிநாட்டுக் கலையையும் பற்றி ஆரம்பித்தேன். அக்கா குறுக்கிட்டு, சாத்தூரில் மத்தியானம் ஒரு மணி என்றாள். அந்த அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது! தன் ஊரில், பிறந்த வீட்டு ஓட்டுச் சந்து வழியாக வெயில் எப்படி விழும் என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முருகேசனுக்கு ஹாஸ்டல் கிடைத்து அவன் போயும்விட்டான். அக்கா இன்னும் இருக்கிறாள். காலையில் எழுந்ததிலிருந்து நேரே என்னைப் பார்த்துத் திட்டுகிறாள். குடை எடுக்காமல் போகிறாயே, சட்டைப் பொத்தான் எங்கே, இந்த வயசில் இவ்வளவு காப்பியா, எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று ராத்திரியெல்லாம் ஏன் விளக்கை எரிக்கிறாய்... ஏழு வருஷத்துத் திட்டு மொத்தமாக வந்துகொண்டிருக்கிறது. ஒன்றுவிடாமல் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு ஒவ்வொன்றும் வெல்லக்கட்டி.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான் மூன்று வாரம் இழைத்து, செதுக்கி, பெயின்ட் அடித்துச் சொல்ல நினைத்ததை அக்கா கேட்கவே இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது என் வாயிலிருந்து ஒரு 'தப்புத்தான்'. அதை ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டிருந்தால்கூடப் போதும்.

உங்களில் யாருக்காவது இப்படிப் பேச்சு நின்றுபோன ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தால், பலகை தேடிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்; இன்றைக்கே நேரே போய்ப் பேசிவிடுங்கள்.

பலகை இருந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள். அக்கா அடுத்த சுவரை அளந்துகொண்டிருக்கிறாள்!